கேஸ் நிலுவையில் இருந்தால் போலீஸ் வெரிஃபிகேஷனில் தெரியுமா?

தெரியும். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடக்கும் காவல்துறை விசாரணையில் நிலுவை வழக்கு கண்ணில் படாமல் போவது அபூர்வம். தனியார் கம்பெனிகள் நடத்தும் பின்னணிச் சரிபார்ப்பிலும், வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்டேஷன் அளவிலேயே நிற்கும் வழக்கு அங்கே சில சமயம் தெரியாமல் போகலாம். ஆனால் தெரியுமா தெரியாதா என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதி விஷயம்கூடக் கைக்கு வராது. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பார்க்கிறவர் யார், படிவத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று முடிவாகிறது.

இந்தக் கவலையோடு வக்கீல் ஆபீஸ் படியேறுபவர்கள் எல்லோரும் அடிதடிக்குப் பேர்போனவர்கள் இல்லை. ஊரில் வரப்புத் தகராறு வரும். பெரியப்பா வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் கைகலப்பு நடக்கும். புகார் கொடுக்கிறவர் எதிர்வீட்டில் ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரையும் வரிசையாகச் சொல்லிவிடுவார். சம்பவ நாளில் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன் ஏ-5, அதாவது ஐந்தாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஆகிவிடுவான். குடிதண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு மறியலில் உட்கார்ந்தவர்கள், திருவிழாவில் ரெண்டு தெருவுக்கு நடந்த சண்டையில் வேடிக்கை பார்த்தவர்கள், 2020 ஊரடங்கில் மருந்து வாங்கப் போய் பைக்கோடு பிடிபட்டவர்கள் என்று பட்டியல் நீளும். நான்கைந்து வருஷம் கழித்து ஒரு வேலைக்குத் தேர்வாகி, விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வரும்போதுதான் பலருக்கும் பழைய எஃப்.ஐ.ஆர். ஞாபகம் வருகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழக்கின் கட்டங்கள்

ஒருவர் உங்கள் மேல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது வெறும் புகார் மனு. அதை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகத் தருவது சி.எஸ்.ஆர். ரசீது. இந்தக் கட்டத்தில் உங்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை. கூப்பிட்டு விசாரித்திருக்கலாம், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அப்போதும் அது வழக்கு ஆகாது.

எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்ற எண் கொடுத்ததும் வழக்கு பிறக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-வது பிரிவில் போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவில் போடுகிறார்கள். அதன் பிறகு புலன் விசாரணை. ஸ்டேஷன் மொழியில் இதை யு.ஐ. கேஸ் என்பார்கள். விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகும். மாஜிஸ்திரேட் அதைப் படித்துப் பார்த்து, வழக்கைக் கோப்புக்கு எடுத்து நம்பர் கொடுப்பார். சி.சி., எஸ்.டி.சி. என்று ஆரம்பிக்கும் அந்த நம்பர் விழுந்த நாளிலிருந்து போலீஸ் பதிவேட்டில் அது பி.டி. கேஸ், அதாவது கோர்ட் விசாரணைக்குக் காத்திருக்கும் வழக்கு. இன்ன குற்றத்துக்காக விசாரிக்கிறோம் என்று கோர்ட் முறைப்படி எழுதுவதைக் குற்றச்சாட்டு வனைவது என்பார்கள். அது அதற்கும் அடுத்த படி.

இந்தப் பிரிவினையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு அலுவலகமும் வெவ்வேறு படியில் நின்று எண்ணத் தொடங்குகிறது. பாஸ்போர்ட் ஆபீஸுக்குக் கோர்ட் கோப்புக்கு எடுத்திருக்க வேண்டும். போலீஸ் வேலைக்கு எஃப்.ஐ.ஆரில் பெயர் இருந்தாலே போதும். தேர்தலில் நிற்கிறவர்களைப் பற்றி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 33ஏ பிரிவு பேசும்போது, ரெண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய, குற்றச்சாட்டு வனையப்பட்ட வழக்கைச் சொல்லச் சொல்கிறது. ஆகவே 'என் மேல கேஸ் இருக்கு சார்' என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. குற்ற எண் என்ன, எந்த ஸ்டேஷன், என்ன பிரிவுகள், நம்பர் ஆகிவிட்டதா என்ற விவரம் கையில் இருக்க வேண்டும்.

அந்த விவரத்தை எடுப்பது இப்போது கஷ்டமில்லை. யூத் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. எஃப்.ஐ.ஆர். பதிந்த 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இணைய வசதி சரியில்லாத இடமென்றால் 72 மணி நேரம் வரை போகலாம். பாலியல் குற்றங்கள், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தன் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர் தன் சார்பில் ஆள் அனுப்பி மனு கொடுத்து நகல் வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கோர்ட்டுக்குப் போன வழக்கை இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்தோ, ஸ்டேஷனும் குற்ற எண்ணும் வைத்தோ தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. அது கிடைத்துவிட்டால் அடுத்த வாய்தா எப்போது என்பதுவரை போனிலேயே பார்க்கலாம்.

முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் வழக்குகள்

ஜாமீன் கிடைத்ததும் கேஸ் முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜாமீன் என்பது வெளியே இருந்தபடி வழக்கை நடத்த அனுமதி, அவ்வளவுதான். இன்னொரு கூட்டம், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ராசியாகி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்னால் ராசியானால் மனு முடிகிறது. போட்ட பிறகு ராசியானால், இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டதால் மட்டும் வழக்கு மறையாது. சட்டம் அனுமதிக்கிற பிரிவுகளில் கோர்ட்டில் மனுப் போட்டு சமரசத்தைப் பதிய வேண்டும். மற்ற பிரிவுகளில் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்கை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் சம்பந்தி ஆனவர்கள்கூட காகிதத்தில் புகார்தாரரும் குற்றம் சாட்டப்பட்டவருமாகவே இருப்பார்கள்.

அரசு வாபஸ் அறிவித்த வழக்குகளிலும் இதே சிக்கல் உண்டு. ஊரடங்கு மீறல் வழக்குகள், ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகள் ஆகியவற்றில் வன்முறை சம்பந்தப்பட்டவை போக மற்றவை கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்பு செய்தித்தாளில் வந்த அன்றே கோர்ட்டில் இருந்த வழக்குகள் தானாக முடிந்துவிடவில்லை. கோர்ட் கோப்பில் ஏறிய வழக்கை அரசு வக்கீல் மனுப் போட்டு, கோர்ட்டின் சம்மதத்தோடுதான் திரும்பப் பெற முடியும். உங்கள் குற்ற எண்ணுக்கு அது நடந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, 'ஃபைன் கட்டிட்டு வந்துடு தம்பி' என்ற யோசனை. சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார். பொது இடத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாகச் சென்னையில் போடும் 75 கேஸ், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் போடும் 185 கேஸ் போன்றவற்றில் காலையில் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார்கள். வரிசையில் நிற்பீர்கள். பெயரைக் கூப்பிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டி, அபராதத்தைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்தத் தலையாட்டல் குற்ற ஒப்புதல். கையில் இருக்கும் ரசீது, நீங்கள் தண்டிக்கப்பட்டீர்கள் என்பதற்கான சான்று. நிலுவை வழக்கு இல்லாமல் போயிற்று, அதற்குப் பதிலாகத் தண்டனை பதிவாயிற்று. அரசு வேலைப் படிவத்தில் 'எப்போதாவது அபராதம் விதிக்கப்பட்டதா' என்று தனியாகவே ஒரு கேள்வி உண்டு. ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே வாங்கும் அபராதம் வேறு வகை. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவில் குற்றத்தை இணக்கமாக முடித்துக்கொள்ளும் கட்டணம், கோர்ட் தண்டனையில் சேராது. வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கோர்ட்டில் தலையாட்டும் முன் ஒரு வக்கீலிடம் பத்து நிமிஷம் பேசிவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பாஸ்போர்ட்

1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, இந்தியாவில் ஒரு கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு பாஸ்போர்ட் மறுக்கச் சொல்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது 'கோர்ட்டில்' என்பதை. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்து விசாரணை நடந்துகொண்டிருந்தால் அது இந்தப் பிரிவுக்குள் வராது. கோர்ட் வழக்கைக் கோப்புக்கு எடுத்திருந்தால்தான் நிலுவை என்று கணக்கு. வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபர் 10 தேதியிட்ட அலுவலகக் குறிப்பில் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. நடைமுறையில், ஸ்டேஷனிலிருந்து 'குற்ற எண் உள்ளது' என்று ஒரு வரி போனாலே விண்ணப்பம் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது வழக்கு இன்னும் புலன் விசாரணையில்தான் இருக்கிறது என்பதைக் காட்டி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

கோர்ட்டில் நம்பர் ஆகிவிட்ட வழக்கு என்றாலும் கதவு மூடிவிடவில்லை. 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை ஒரு வழி வைத்திருக்கிறது. வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே மனுப் போட்டு, வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுத்தால் பாஸ்போர்ட் தரலாம். உத்தரவில் எத்தனை வருஷம் என்று எழுதியிருந்தால் அத்தனை வருஷத்துக்கு. காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருஷத்துக்குத்தான். அதனால் மனுவிலேயே எத்தனை வருஷம் வேண்டும் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டால் வருஷா வருஷம் கோர்ட்டுக்கும் பாஸ்போர்ட் ஆபீஸுக்கும் அலைய வேண்டியதுதான்.

தத்காலில் போட்டால் போலீஸ் விசாரணைக்கு முன்பே பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும், அதற்குள் பறந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். விண்ணப்பத்திலேயே கோர்ட்டில் வழக்கு நிலுவையில் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. இல்லை என்று பொய் எழுதி வாங்கிய பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்ய 10-வது பிரிவு இடம் தருகிறது. மறைத்ததற்காக 12-வது பிரிவில் ரெண்டு வருஷம் வரை சிறை என்று புது வழக்கே வரலாம். பழைய மறியல் கேஸில் நீங்கள் விடுதலை ஆகியிருப்பீர்கள். இதில் உங்கள் கையெழுத்தே சாட்சி.

அரசு வேலை

தேர்வில் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்த பிறகு அட்டெஸ்டேஷன் ஃபார்ம் என்று ஒன்று தருவார்கள். கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, வழக்குத் தொடரப்பட்டிருக்கிறதா, அபராதம் உண்டா, தண்டனை உண்டா, இந்தப் படிவத்தை நிரப்பும் நாளில் ஏதாவது வழக்கு நிலுவையில் உண்டா என்று தனித்தனியாகக் கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வேகவேகமாக எழுதிவிட்டு வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் படிவம் உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் காவல்துறையின் தகவல் சேகரிக்கும் கிளையான மாவட்ட தனிப்பிரிவுக்கும் போகும். ஸ்டேஷனில் பதிவேடு இருக்கிறது, சி.சி.டி.என்.எஸ். என்ற கணினி வலைப்பின்னலில் மற்ற ஸ்டேஷன் வழக்குகளையும் தேடலாம்.

இந்தச் சிக்கலுக்கு அடிப்படைத் தீர்ப்பு, அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு கொடுத்தது. அதை வேலை தேடும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், இருப்பது அற்ப வழக்கு என்றால், வழக்கின் முடிவுக்கு உட்பட்டு என்று எழுதி உங்களுக்கு வேலை கொடுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்று நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கைச் சொல்லாமல் விட்டிருந்தாலும், அது தெரிந்திருந்தாலும் வேலை கொடுத்திருக்கலாம் என்ற அளவிலானதாக இருந்தால் அதிகாரி மன்னிக்கலாம். பல வழக்குகள் நிலுவையில் இருந்து அதை வேண்டுமென்றே மறைத்திருந்தால், அந்த மறைப்பே வேலையை ரத்து செய்யப் போதுமான காரணம்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ரெண்டு விஷயங்கள். உங்களுக்கே தெரியாமல் உங்கள் மேல் வழக்கு இருந்தால், மறைத்தீர்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்து மறைத்ததாக இருக்க வேண்டும். ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தபோது ஏ-5 ஆன பையனுக்கு இது பெரிய பிடிமானம். ஆனாலும் வழக்கின் கனத்தை எடைபோட அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. இன்னொன்று, படிவம் எதைக் குறிப்பாகக் கேட்கிறதோ அதற்குத்தான் பதில். கேட்காத தகவலைச் சொல்லவில்லை என்று தண்டிக்கக் கூடாது. நிலுவை வழக்கு உண்டா என்று மட்டும் கேட்டால், பத்து வருஷத்துக்கு முன் விடுதலையான வழக்கு அந்தக் கேள்விக்குள் வராது. 'எப்போதாவது வழக்குத் தொடரப்பட்டதா' என்று கேட்டால் வந்துவிடும். கேள்வியை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

படிவம் கொடுத்த பிறகு வழக்கு வந்தால்? கொடுத்த நாளில் எழுதியது உண்மைதான். ஆனால் பணியில் சேர்வதற்குள் நிலைமை மாறினால் எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லிப் படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கும். தெரிவித்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீஸ் வேலைக்கு அளவுகோல் இன்னும் கடுமை. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணிக்கான சிறப்பு விதிகளில் 14(பி) என்ற விதி, விண்ணப்பதாரர் நியமனத்துக்கு முன்பு கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது என்கிறது. அதன் விளக்கக் குறிப்புகள் பலரை நிலைகுலைய வைத்திருக்கின்றன. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்திருந்தாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் (முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னதால்) விடுதலை கிடைத்திருந்தாலோ, அவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். விசாரணை நாளில் வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு மரியாதையான விடுதலை கிடைத்தாலோ, போலீஸே வழக்கை மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட் (தவறான தகவலில் பதிந்த வழக்கு) என்று முடித்தாலோ, அவர் சுத்தமானவர்தான். ஆனால் அடுத்த தேர்வில் மறுபடி கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் மணிகண்டன் வழக்கில் இந்த விதியை ஏற்றுக்கொண்டது.

இது எனக்கு மனசுக்கு ஒப்பாத விதி. கோர்ட்டில் சாட்சி பிறழ்ந்தது பையனின் கையில் இல்லை. தீர்ப்பில் 'சந்தேகத்தின் பலன்' என்று எழுதுவதும் அவன் கையில் இல்லை. ஆனால் விதி இருக்கும்வரை அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளத்தான் வேண்டும். போலீஸ் வேலைக்கு ஆசைப்படும் பிள்ளையின் மேல் பொய் வழக்கு இருந்தால், ராசியாகிச் சாட்சியைப் பிறழ வைத்து முடிப்பதைவிட, உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்பதோ, தகுதியின் அடிப்படையில் வாதாடி 'குற்றம் நடக்கவே இல்லை' என்ற தீர்ப்பு வாங்குவதோ நல்லது. இதை முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். வேலை விஷயம் தெரியாத வக்கீல் சீக்கிரம் முடிகிற வழியைத்தான் பார்ப்பார்.

ஆறுதலுக்கும் இடம் இருக்கிறது. 2011-இல் டெல்லி போலீஸ் வேலைக்குத் தேர்வான ஒருவரின் வழக்கில், இளைஞர்கள் வயசுக் கோளாறில் செய்யும் தவறுகளை ஆயுள் முழுக்கச் சுமக்க வைக்கக் கூடாது என்ற பார்வையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. 2024 பிப்ரவரியிலும், உத்தரப் பிரதேசக் காவலர் ஒருவரின் வழக்கில், சொல்லாமல் விட்டது எல்லாமே வேலையைப் பறிக்கப் போதாது, சூழ்நிலையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் இந்த நிவாரணம் பல வருஷம் கோர்ட் ஏறி இறங்கிய பிறகு கிடைத்தது என்பதை மறக்க வேண்டாம்.

தனியார் கம்பெனி

ஐ.டி. கம்பெனி, வங்கி போன்றவை பின்னணிச் சரிபார்ப்பை வெளி நிறுவனங்களிடம் விட்டுவிடுகின்றன. அந்த நிறுவனங்களுக்குப் போலீஸின் சி.சி.டி.என்.எஸ். வலைப்பின்னலில் நுழைய முடியாது. அவர்கள் பார்ப்பது இ-கோர்ட்ஸ் போன்ற பொதுப் பதிவுகள். உங்கள் பெயர், அப்பா பெயர், இப்போதைய விலாசம், சொந்த ஊர் விலாசம் ஆகியவற்றை வைத்துத் தேடுவார்கள். அதனால் கோர்ட் நம்பர் ஆன வழக்கு சிக்கும், எஃப்.ஐ.ஆர். மட்டும் இருக்கும் வழக்கு சிக்காமல் போகலாம். சில கம்பெனிகள் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாகப் போலீஸ் சரிபார்ப்பு அறிக்கையையே கேட்கும். அப்போது ஸ்டேஷன் பதிவேட்டில் உள்ளதும் வெளியே வரும்.

நிலுவை வழக்கு இருந்தால் வேலை தரக் கூடாது என்று தனியார் கம்பெனிகளுக்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. தராமல் விட்டால் ஏன் என்று கேட்கவும் பெரிய பிடி இல்லை. அவர்கள் தங்கள் கொள்கைப்படி முடிவெடுப்பார்கள். கணக்காளர் வேலைக்கு மோசடி வழக்கும், டிரைவர் வேலைக்கு விபத்து வழக்கும் கனமாகப் பார்க்கப்படும். சொத்துத் தகராறில் போட்ட கூட்டு வழக்கை விளக்கம் கேட்டுவிட்டு விட்டுவிடுவதும் உண்டு. நியமனக் கடிதத்தில் 'தவறான தகவல் தந்தது தெரியவந்தால் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்' என்ற வரி அநேகமாக இருக்கும். சேர்ந்து வருஷங்கள் கழித்து, வேறொரு வாடிக்கையாளர் புராஜெக்ட்டுக்காக மறு சரிபார்ப்பு நடக்கும்போதும் அந்த வரி உயிரோடுதான் இருக்கும்.

நம் ஊர்ப் பெயர்களால் வரும் தொல்லை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோர்ட் பதிவில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் பெரும்பாலும் 'குமார்', 'மணிகண்டன்', 'எஸ். கார்த்திக்' என்ற அளவில்தான் தட்டச்சாகியிருக்கும். பிறந்த தேதி இருக்காது. குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லை. இனிஷியல் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஒரே தாலுகாவில் எஸ். கார்த்திக் எத்தனை பேர் இருப்பார்கள்! சரிபார்ப்பு நிறுவனம் 'பொருந்த வாய்ப்புள்ள வழக்கு உள்ளது' என்று எழுதிவிட்டால், யாரோ செய்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதறாதீர்கள். அறிக்கையில் உள்ள வழக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, எஃப்.ஐ.ஆர். அல்லது குற்றப்பத்திரிகை நகலை எடுங்கள். அதில் அந்த ஆளின் அப்பா பெயர், வயசு, கதவு எண் எல்லாம் இருக்கும். அதையும் உங்கள் ஆதாரையும் சேர்த்து ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பதினெட்டு வயசுக்கு முன்னால்

சம்பவ நாளில் 18 நிரம்பவில்லை என்றால் கணக்கே வேறு. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு, அந்த வழக்கால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. 16 வயசுக்கு மேல் கொடுங்குற்றத்தில் குழந்தைகள் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்த வழக்குகள் மட்டும் இதற்கு விலக்கு. நன்னடத்தைச் சான்றுக்காகச் சிறாரின் பதிவைப் போலீஸ் வெளியிடக் கூடாது என்று 74-வது பிரிவும் சொல்கிறது. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியையும் சம்பவத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியவர்களோடு சேர்த்து எஃப்.ஐ.ஆரில் வயசைக் கூட்டிப் போட்டிருந்தால் அதைக் கோர்ட்டில் உடனே எழுப்ப வேண்டும்.

இப்போது கையில் வழக்கு இருப்பவர்கள்

எஃப்.ஐ.ஆர். போட்டு வருஷக்கணக்காகக் குற்றப்பத்திரிகை வராத சின்ன வழக்கு என்றால் காலவரம்பைப் பாருங்கள். அபராதம் மட்டும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் வரை சிறைக்குரியதற்கு ஒரு வருஷம், மூன்று வருஷம் வரையிலானதற்கு மூன்று வருஷம். அதற்குப் பிறகு, தாமதத்தை மன்னிக்கத் தகுந்த காரணம் இல்லாமல் கோர்ட் கோப்புக்கு எடுக்க முடியாது. ஆனால் காலம் கடந்ததும் ஸ்டேஷன் பதிவேட்டிலிருந்து தானாக அழியாது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தால்தான் அங்கே 'முடிந்தது' என்று எழுதுவார்கள். முன்பு அதை 482-வது பிரிவு மனு என்றோம், புதுச் சட்டத்தில் 528-வது பிரிவு.

மறியல், தடையுத்தரவு மீறல் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவில் மட்டும் போட்ட பழைய வழக்குகளுக்கு இன்னும் வலுவான பிடி இருக்கிறது. அந்தக் குற்றத்துக்குச் சம்பந்தப்பட்ட அரசு அதிகாரி எழுத்து மூலம் கோர்ட்டில் புகார் தர வேண்டும். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது. ஜீவானந்தம் என்பவரின் வழக்கில் 2018 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லி, வழிகாட்டு நெறிகளும் கொடுத்தது.

விசாரித்துப் பார்த்து வழக்கு பொய் என்று போலீஸே முடித்திருந்தால், அதன் இறுதி அறிக்கையின் நகலையும் கோர்ட் ஏற்றுக்கொண்டதற்கான விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனில் எழுத்தர் மாறுவார், இன்ஸ்பெக்டர் மாறுவார். விசாரணைக்கு வருகிறவர் பதிவேட்டில் உங்கள் பெயரைப் பார்த்து 'வழக்கு உள்ளது' என்று எழுதுமுன் காட்டக் காகிதம் வேண்டும்.

விடுதலையான பிறகும் இணையத்தில் தீர்ப்பு கிடக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இப்படி விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆகவே விடுதலையானதும் பெயர் அழிந்துவிடும் என்று நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

வழக்கு எப்படி முடிந்தாலும், முடிந்த மாதமே நகல் மனுப் போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகல் ரெண்டு பிரதி வாங்கி வையுங்கள். கோர்ட்டுகள் பழைய கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடும். பத்து வருஷம் கழித்து பதவி உயர்வுக்கோ விசாவுக்கோ கேட்கும்போது, கட்டு அழிக்கப்பட்டது என்ற பதில்தான் நகல் பிரிவில் கிடைக்கும்.